லோயர் பரேல், இரவு ஒன்று நாற்பது

தொண்ணூற்றெட்டு சதவீதம் என்று
நாலு நாளாய்க் கத்திக்கொண்டிருந்தது காவல் பெட்டி.
கம்பெனிக்குள் வருவது போவது
ஒன்று விடாமல் எழுதிவைப்பது அதன் பிழைப்பு.
இனி எழுத இடமில்லை.

பழைய மில்லின் அடித்தளம். மேலே மழை.
கடைசி லோக்கல் போய்விட்டது.
உறை பிரித்தால் புது டிஸ்க்
ஒரு எலுமிச்சை கனம்.
நாலு டெராபைட்டாம்.

எழுதுகிற கையின் கீழிருந்து
நோட்டை உருவ முடியாது.
கையை நிறுத்தினேன்.
பிறகு, நகலெடு என்றேன்.

பொழுது போகாமல் ஒரு கோப்பைத் திறந்தேன்.
அனுமதி. அனுமதி. மறுப்பு.
மறுப்பு மறுப்பு மறுப்பு
எவனோ, அல்லது எதுவோ,
ஒரே கதவை ஒரே ராத்திரியில்
ஆறாயிரம் தடவை தட்டியிருக்கிறது.
திறக்காததற்கும் கணக்கு இருக்கிறது இங்கே.
தனிப் பெண்ணா, மீன் சமைப்பீர்களா என்று கேட்டு
கதவைச் சாத்திய சயான் வீடுகளை
நான் எங்கும் குறித்துவைக்கவில்லை.

இந்த ஊரில் ஒப்பந்தம் பதினொரு மாதம்.
ஏழு வீடு மாறியாயிற்று.
பழைய இடத்தில் பழைய பெயரிலேயே
ஒரு சுட்டி வைக்க வேண்டும்:
இங்கே இல்லை, அங்கே.
பெட்டிக்குத் தான் குடிமாறியதே தெரியாது.
மரோலுக்கு என் பெயரில் வந்த பார்சல்
இன்னும் மரோலில்தான் கிடக்கும்.

எண்ணிப் பார்த்தேன்.
பழையதில் நாற்பத்தோராயிரத்து இருநூற்றாறு.
புதியதில் இருநூற்றைந்து.
திரும்ப எண்ணினேன். அதே.
நட்சத்திரக் குறி போட்டு அள்ளினால்
புள்ளியில் தொடங்கும் பெயர்கள் விடுபடும்,
தெரிந்ததுதான், தூக்கத்தில் மறந்துவிட்டேன்.
ஒளிந்திருந்த ஒற்றைக் கோப்பில் ஒரே வரி:
'இதை அழிக்காதீர்கள். ஏன் என்று ஞாபகமில்லை. ஜெபமணி.'

எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர்.
பார்த்ததில்லை.
அவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

பெட்டியை எழுப்பினேன். முதல் வரி விழுந்தது:
இரண்டு முப்பத்தொன்று.
அதற்கு மேல் வரி, ஒன்று நாற்பது.
நடுவில் ஐம்பத்தோரு நிமிடம் வெறும் வெளி.

பழைய டிஸ்க்கை இன்னும் துடைக்கவில்லை.
திங்கள்கிழமை வரை இருக்கட்டும்.

அந்த ஐம்பத்தோரு நிமிடத்தில்
யார் யார் தட்டினார்களோ.
வாட்ச்மேன் தும்ரே ஒரு தடவை.
கையில் கட்டிங் சாய்,
தலையில் பிளாஸ்டிக் பை.