ஐந்து நாள் இறக்க வேண்டாம்

ஜூன் மாத எர்மோசியோவில்
கார்க் கைப்பிடியைத் துணி சுற்றித்தான் தொட முடியும்.
சட்டை நுனியால் கதவைத் திறந்து இறங்கினார்
நிக்கனோர் புயித்திமேயா.
"கீறலை மட்டும் எடுத்துவிடு.
மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது."

ஓட்டுகிற பக்கத்துக் கண்ணாடி.
சாய்ந்து பெய்யாத ஒரு மழை
அப்படியே காய்ந்துபோனதுபோல்
மேலிருந்து கீழாக நூறு கோடுகள்.
பற்பசை தேய்த்திருக்கிறார், மெக்கானிக் சொன்னாராம்.
அது போதாதென்று நிறமில்லாத நகப்பூச்சு வேறு.

கண்ணாடியில் விழுந்த கீறலென்றால்
மெருகேற்றிப் பார்க்கலாம்.
இது ஃபிலிம். வெங்காயச் சருகைவிட மெல்லிசு.
சுரண்டிப் போனது போனதுதான்,
இல்லாத ஒன்றை எங்கே தேய்ப்பது?

"அப்படியென்றால் அந்தப் பக்கத்திலிருந்து
கொஞ்சம் வெட்டி எடுத்து..."
நான் சிரிக்கவில்லை.
இதைக் கேட்ட முதல் ஆள் அவரில்லை.

சுற்றிப்போய் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன்.
பதினோரு வருட ஃபிலிம்,
கத்தரிக்காய்த் தோலாக வெளுத்திருந்தது.
ஒரு கீறல் இல்லை.

கண்ணாடி வழுக்கி இறங்கும் கம்பளிப் பட்டையில்
பாலைவனம் பொடியாக வந்து தங்கும்.
ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு கோடு.
இந்தப் பக்கம் சுங்கச்சாவடி, ராணுவச் சோதனை,
சிவப்பு விளக்கில் கொயோத்தா விற்கும் பையன்.
அந்தப் பக்கம்
யாரும் எதுவும் கேட்காத கண்ணாடி.

பார்ப்பதையெல்லாம் சொன்னால்
கடை நடத்த முடியாது.

கறுப்புக் குப்பைப்பையை ஒட்டி வெயிலில் நிறுத்தினேன்,
பாதி வேலையைச் சூரியன் செய்தது.
மீதி நீராவி, பிளேடு,
விரலிடுக்கில் இரண்டு நாள் போகாத பசை.
சோப்புத் தண்ணீர் தெளித்துப் புதிய ஃபிலிமை மிதக்கவிட்டு
குமிழிகளை ஓரத்துக்கு விரட்டி
கடைசி ஒன்று மட்டும் அடம்பிடித்தது.

"ஒரு கண் கறுப்பு, ஒரு கண் ஊதா" என்றார்.
"பூனைக்கு அழகாக இருக்கும்" என்றேன்.

அவர் பக்கத்து ஸ்விட்ச்மேல் டேப் ஒட்டினேன்.
"ஐந்து நாள் இறக்க வேண்டாம். ஈரம் காயணும்."
"யாராவது ஏதாவது கேட்டால்?"
"கதவைத் திறங்கள்.
இல்லை, அந்தப் பக்கத்தை இறக்குங்கள்."

ஆறாம் நாள் வந்தார்.
டேப்பின் ஒரு மூலை நகத்தால் கிள்ளப்பட்டு
மறுபடி அமுக்கப்பட்டிருந்தது.
ஏற்றி இறக்கிப் பார்த்தேன், நன்றாக உட்கார்ந்திருந்தது.
பாக்கி இருநூறு பெசோ கொடுத்தார்.

பழக்கதோஷம், மறுபடி ஒரு சுற்று நடந்தேன்.
ஊதாக் கண்ணாடியில்
பாதி வரை ஒரே ஒரு கோடு.
பக்கத்து இருக்கை
குட்டைக் கால்களுக்காக முன்னே இழுக்கப்பட்டிருந்தது.
அதன்மேல் கொயோத்தாத் துகள்கள்.

அவர் சொல்லவில்லை.
நானும் பில்லில் எழுதவில்லை.

"இந்தப் பக்கத்துப் பட்டையில் மணல் இருக்கு.
துடைத்துவிடவா, காசு வேண்டாம்."

"துடை" என்றார்,
நான் கேட்டு முடிப்பதற்குள்.