பிறவினை

டலாக் கரையில் சம்பான் ஓட்டும் வீட்டுக்கு
வாக்கப்பட்டு வந்த மறுநாளே
ஒரு சொல்லை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள்.

கழுவிய தம்ளர்களோடு நின்று
"கவிழ்த்து வைக்கவா?" என்றேன்.
குருவம்மா அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள்.
"குப்புற வை. இங்க அப்படித்தான்."

பெகுவில் அப்பா கடையில்
நாளுக்கு நூறு தரம் புழங்கிய சொல் அது.
புட்டுக் குழலைக் கவிழ். இட்லித் தட்டைக் கவிழ்.
கடன் கொடுத்தவன் தெருமுனையில் தெரிந்தால்
அப்பாவின் தலையே கவிழும்.
இங்கே பால் சாய்ந்தது,
வண்டி புரண்டது,
தலை தொங்கியது.
எந்த ஊர் ஆட்சிக்கோ வானொலி அந்தச் சொல்லைச் சொல்ல வந்தால்
கொழுந்தன் எட்டிக் குமிழைத் திருகுவான்.
ஆத்துக்குக் காது உண்டு அண்ணி என்பான், பாதிச் சிரிப்பாய்.
வீட்டில் ராசமாணிக்கம். படித்துறையில் கோ தெய்ன்.

தை மாதம் எங்கள் ஊர் ஆட்சியே போனது.
"கவிழ்ப்பு" என்றது வானொலி.
குமிழைத் திருக யாரும் எழவில்லை.

இரவு எட்டானால் தெரு முழுக்கத்
தட்டும் தவலையும் அடித்தார்கள், பேய் ஓட்ட.
அத்தை மட்டும் அடிக்கவில்லை.
வெறும் பாத்திரத்தை அடித்தால் சோறு கோபித்துக்கொள்ளுமாம்.

பங்குனியில், ஊரடங்குக்குப் பிறகு,
ஐந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன சம்பான்
திரும்பவில்லை.
ஒன்பதாம் நாள் நிலையத்தில் ஒரு தாள் தந்தார்கள்.
வட்டம் வட்டமாய்ப் பர்மிய எழுத்து.
அத்தைக்குப் பேச வரும், படிக்க வராது.
"தமிழ்ல சொல்லு" என்றாள்.

படகு. ஆறு. தேதி. ஹ்மௌக்.
தானாய்ப் போனாலும் தள்ளிவிட்டாலும்
அங்கே அதே ஹ்மௌக்தான்.
தமிழ் அப்படி விடாது.
கவிழ்ந்தது என்றால் காற்று, அலை, தலையெழுத்து.
கவிழ்த்தது என்றால் ஒரு கை வேண்டும்.
நடுவில் ஒரு ந், அல்லது ஒரு த்.
இரண்டுக்கும் நாக்கு போய்த் தொடுவது பல்லின் பின்பக்கத்தைத்தான்;
மூக்கு திறந்திருக்கிறதா
மூடியிருக்கிறதா,
அவ்வளவு வித்தியாசம்.

நாக்கை அங்கே வைத்தபடி நின்றேன்.

"அந்தச் சொல்லா?"
ஆமாம்.
"தானாவா?"
தாளில் இல்லை, அத்தை.

தாளை வாங்கி நாலாய் மடித்து
அரிசிப் பானைக்கு அடியில் செருகினாள்.
அன்றைக்கு உலை வைக்கவில்லை.
எட்டு மணிக்குக் கல்யாண அண்டாவை
உள்ளறையிலிருந்து உருட்டி வந்தாள்,
மூன்று பேர் தூக்குகிற அண்டா.
ஒரு காதை என்னிடம் கொடுத்தாள்.

"கவுத்து."

பதினாலு வருஷத்தில் அவள் வாயில் அதை நான் கேட்டதில்லை.
அடிப்பக்கம் யார் கல்யாணத்துக் கரியோ அப்பியிருந்தது.
விறகுக் கட்டையால் அவள் போட்ட முதல் அடிக்கு
பக்கத்து வீட்டு மா கின்
தன் தட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

காலையில் தம்ளர்களைக் கழுவினேன்.
எப்படி வைக்க என்று அவள் சொல்லவில்லை.
நிமிர்த்தியே வைத்தேன்,
உள்ளே ஈரத்தோடு.