வெள்ளிக்கிழமை விடுப்பு

ஐஸ் கம்பெனியில் வெள்ளிதான் விடுப்பு.
உச்சிப்புளி நிறுத்தத்தில் நிற்கிறோம்,
தூக்கில் எலுமிச்சைச் சோறு,
முடிவாகாத இரண்டு அரண்மனைகள்.

மதுரை மகால் என்கிறார் லூர்து.
கட்டிப்பிடித்தால் கை சேராத தூண்களாம்.

எனக்கு ராமநாதபுரம் போதும்.
சுவர்ச் சித்திரத்தில்
வெள்ளைக்காரரை வரவேற்கும் ராஜா
முந்நூறு வருசமாய்
உட்காரச் சொல்லவே இல்லையாம்.
தூணைப் பார்க்க அவ்வளவு தூரமா?
ஜெட்டியில் இல்லாத தூணா?

வந்தது ஒரே பஸ்,
இரண்டு ஊருக்கும்.
கண்டக்டரிடம்
இருவரும் ஒரே நேரத்தில்
வேறு வேறு ஊர் சொன்னோம்.

"ராம்நாடு அரண்மனையா?
வெள்ளிக்கிழமை பூட்டும்மா."

லூர்து சிரிக்கவில்லை.
அதுதான் எரிச்சல்.

மதுரை ரெண்டு.

ராமநாதபுரம் வந்ததும்
எழுந்து நின்றேன், சும்மா.
சோற்றுத்தூக்கை மடி மாற்றிக்கொண்டு
உட்கார்ந்தேன்,
யாரும் சொல்லாமலே.