வரிசையின் நீளம்

சஜா தொழிற்பேட்டை, ஜூன் மாதம்.
தகர வேலிக்கு இந்தப் பக்கம்
மணல், ஒரு பலகை, ஒரு மின்கம்பம்.
பலகையில் பேருந்துப் படம் இருப்பதால்
இது நிறுத்தம்.

நகரத் திட்டமிடல், முதுகலை, இரண்டாம் ஆண்டு.
ஆய்வு: நீடித்த போக்குவரத்தில் கடைசி நானூறு மீட்டர்.
கருவிகள்: எண்ணும் பொத்தான் ஒன்று,
தோழி ஷைமாவின் கார்,
அதன் ஏசி.

கண்ணாடியை இறக்காமலே எண்ணினேன்.
பன்னிரண்டரைக்கு ஒருவருமில்லை.
இரண்டுக்கு நாலு பேர்.
மூன்றுக்கு ஏழு.
நான்குக்குப் பதினொன்று.
எழுதி வைத்தேன்:
நண்பகலில் பயணத் தேவை இல்லை,
பிற்பகலில் படிப்படியாகக் கூடுகிறது.

வரைபடம் அத்தனை அழகாக வந்தது.
பேராசிரியர் ருகையா ஓரத்தில் பென்சிலால் எழுதினார்:
மனிதர்கள் இவ்வளவு வழவழப்பாக வருவதில்லை.
இறங்கிப் போய்ப் பார்.

இறங்கினேன். செருப்பின் அடி இளகியது.
ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள்,
ரேஷன் கடையிலும் நான் காணாத ஒழுங்கு.
ஆனால் பேருந்து வரும் திசையை
ஒருவரும் பார்க்கவில்லை.
அத்தனை முதுகும் மேற்கே.

"எவ்வளவு நேரமா வரிசையில நிக்கிறீங்க?"
படிவத்தில் ஏழாம் கேள்வி.
கம்பத்திலிருந்து மூன்றாவது ஆள்,
கமுதிக்காரர், வெல்டர், பெயர் முத்துராக்கு,
என் காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார்.
"வரிசை இல்லம்மா. நெழலு."

குனிந்து பார்த்தேன்.
ஒரு முழம்கூட அகலமில்லை.
அதற்குள் நேபாளி, பட்டாணி, சில்ஹட்காரர்,
கடைசி ஆளுக்கு இடுப்புவரைதான் எட்டியது.

"அப்போ பன்னிரண்டரைக்கு?"
"அப்பவும் இங்கனதான்.
அந்நேரம் கம்பம் தன் நெழலத் தானே தின்னுரும்ல.
லாரிக்கு அடியில கிடப்போம்.
கார்ல இருந்து பாத்தாத் தெரியாது."

அன்றிரவு எண்களைத் திரும்பப் போட்டேன்.
பேருந்து அட்டவணையோடு எதுவும் ஒட்டவில்லை.
சூரியனின் கோணத்தோடு
கச்சிதமாக ஒட்டியது.
நாற்பது பக்க மூன்றாம் அத்தியாயம்
ஒரு கம்பத்தின் சுயசரிதை.

மறுநாள் ஐந்தரை வரை அங்கேயே நின்றேன்,
காரை அனுப்பிவிட்டு.
நிழல் மணலைத் தாண்டித்
தார்ச்சாலையில் நீண்டு கிடந்தது.
இருபது பேருக்கு இடமிருந்தது அதில்.
ட்ரெய்லர்கள் ஏறி ஏறிப் போயின.
பேருந்து வந்தது.
அதுவும் அதன் மேல்தான் நின்றது.