எட்டாயிரத்து நானூறு

பாலைக் கடையின் கடைசியில் வை என்றாள்.
பாலுக்கு வருகிறவர்கள்
பிஸ்கட்டையும் பேட்டரியையும் மெழுகுவத்தியையும்
கடந்துதான் போக வேண்டும்.
கடந்து போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை.
தூரிட் ஐலெர்ட்சனுக்கு அப்போது இருபத்தாறு வயது,
ஹாமர்ஃபெஸ்ட் கிளைக்கு மேலாளராக வந்து மூன்றாம் நாள்.
நான் பின்னறையில் பில்களைக் கோப்பில் சேர்ப்பவள்.

நவம்பரில் போகிற சூரியன்
ஜனவரிக் கடைசியில்தான் தலைகாட்டும் ஊர்.
மதியச் சாப்பாட்டுக்கும் விளக்கு வேண்டும்.
அந்த டிசம்பரில்
செலவுப் பட்டியலோடு உட்கார்ந்தாள், கையில் நீலப் பேனா.
ஜெனரேட்டருக்குப் புது பேட்டரி, கூலி உட்பட
எட்டாயிரத்து நானூறு குரோனர்.
ஒரு கோடு.
ஓரத்தில் 'அடுத்த வருஷம்'.
நான் துளையிட்டுக் கோத்து வைத்தேன்.

ஜனவரி ஒன்பது, புயல்.
மலைமேல் எங்கோ கம்பி அறுந்தது.
ஜெனரேட்டர் இருமியது,
இன்னொரு முறை இருமியது,
பிறகு மரியாதையாக நிறுத்திக்கொண்டது.
உறைபெட்டிகளில் மூன்று லட்சம் குரோனர் பெறுமான
மீனும் பனிமான் இறைச்சியும்.
டார்ச் வெளிச்சத்தில் என்னை ஒருமுறை பார்த்தாள்.
"வெளியே இதைவிடப் பெரிய உறைபெட்டி இருக்கிறது" என்றாள்.

ஆறு பேர், பதினொரு மணி நேரம்.
முற்றத்துப் பனியைத் தோண்டி
தட்டுத் தட்டாகப் புதைத்தோம், ஐஸ்கிரீம் உட்பட.
யாருடைய நாயோ வந்து ஒரு காட் மீனைக் கவ்விக்கொண்டு போனது,
அது ஒன்றுதான் நட்டம்.
இறைச்சிப் பகுதி கோரெயின் சுண்டுவிரல் நுனியை
நட்டக் கணக்கில் யாரும் எழுதவில்லை.

தலைமையகம் கேக் அனுப்பியது.
அவளை ட்ரோம்ஸோவுக்கு அழைத்தது, பிறகு ஆஸ்லோவுக்கு.
நூற்று நாற்பது கடைகள் அவள் கைக்குள் வந்தன.
அதில் பத்தொன்பதை மூடினாள், எங்களுடையதும் சேர்த்து.
என் கடிதத்தில் அவள் கையெழுத்து, நீல மையில்.
கோபமா என்றால், ஆமாம்,
ஒரு குளிர்காலம் முழுக்க.

பொருள் விற்றவள் எரிபொருள் விற்கப் போனாள்.
மின்சாரத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று
நேர்காணலில் கேட்டார்களாம்.
"அது இல்லாமல் பதினொரு மணி நேரம்
கடை நடத்தத் தெரியும்."
சிரித்தார்கள். வேலையைக் கொடுத்தார்கள்.

பாலை முகர்ந்து பார்க்கலாம்.
முகர முடியாத சரக்குக்கு என்ன விலை வைப்பது?
எங்கள் ஜன்னலுக்கு எதிரே, கடலுக்குள்
பால் என்று பெயர் கொண்ட தீவில்
எரிவாயுவைக் குளிரவைத்துக் கப்பலேற்றுகிறார்கள்.
அந்தப் பாலையும்
ஊரின் கடைசியில்தான் வைத்திருக்கிறார்கள்.
சில இரவுகளில் அங்கே சுடர் உயரும்போது
அவள் ஞாபகம் வரும். எனக்கு மட்டும்தானோ என்னவோ.

ஒரே மத்தியானத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரை
வீட்டுக்கு அனுப்பியவள்,
பதினேழு வருஷத்தில்
பராமரிப்புச் செலவில் ஒரு வரியைக்கூட வெட்டவில்லை.
இயக்குநர்கள் கெஞ்சினார்கள், மிரட்டினார்கள்.
தொலைநோக்கு என்று எழுதின பத்திரிகைகள்.
தொலைவெல்லாம் இல்லை,
எட்டாயிரத்து நானூறுதான்.

பிரிவு விருந்துக்கு எனக்கும் பயணச்சீட்டு வந்தது.
மேடையில் புயல் கதையைச் சொன்னாள்.
ஜெனரேட்டர் போல இருமியும் காட்டினாள்,
மண்டபம் குலுங்கியது.
"அது பழசாகியிருந்தது" என்றாள்.
பிறகு தண்ணீர் குடித்தாள்.
மூன்றாம் வரிசையில் நான்
எல்லோரோடும் கைதட்டினேன்.

கடை மூடிய அன்று அந்தக் கோப்பை
வீட்டுக்கு எடுத்துப் போனேன்,
மெழுகுவத்திகளுக்குக் கீழே இருக்கிறது.
கேட்டால் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன்.

கோட்டுகள் தொங்கும் அறையில்
என்னைத் தேடி வந்தாள்.
"கோரெயின் விரல்?"
"குளிருக்கு வலிக்கிறதாம், இன்னமும்."
தலையாட்டினாள்.
கோட்டின் இரண்டாவது கை
எங்கே இருக்கிறதென்று
அவளுக்கு வெகுநேரம் அகப்படவில்லை.