கணக்கு உதைக்கிறது

துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம்
மரக்கட்டு எண்ணியவள் நான்.
கிளைபேடா, நான்காம் எண் மேடை.
கிரேன் தூக்கும் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு கோடு,
ஐந்தாவதற்குக் குறுக்கே.
மழையில் பென்சில்தான் எழுதும்,
பேனா அழுதுவிடும்.

இப்போது என்னை எண்ணுகிறார்கள்,
மூன்று மாதத்துக்கு ஒருமுறை,
ஊதா மூடியிட்ட சிறு குழாயில்.
ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி எட்டு.
வெள்ளையணு இரண்டாயிரத்துச் சொச்சம்.
தட்டணு எண்பத்து நாலாயிரம்,
போன தடவை தொண்ணூற்றோராயிரம்.

இடுப்பெலும்பில் துளையிட்டு
மஜ்ஜையையும் பார்த்தாயிற்று.
குப்புறப் படுத்திருந்தேன்.
காலுக்குள்ளிருந்து யாரோ
கயிறு உருவினார்கள்.
பதினெட்டு நாள் கழித்து டாக்டர் ருகீலே
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
பின்பக்கம் ஏதாவது இருக்குமென்பது போல.
"இரும்பு சரி. பி-பன்னிரண்டு சரி. ஈரல் சரி.
புற்று என்று சொல்ல ஒன்றுமில்லை."
எல்லாம் சரியென்றால் நான் ஏன் இங்கே
என்று கேட்கவில்லை.
"இதற்கு இன்னும் பெயர் வைக்க முடியவில்லை.
பார்த்துக்கொண்டிருப்போம்."

அந்த வாக்கியத்தில் செயப்படுபொருள் இல்லை.

பெர்கனிலிருந்து மகன் கூப்பிடுகிறான்.
"பெயரைச் சொல்லும்மா, தேடிப் பார்க்கிறேன்."
பெயர் இல்லையடா.
"எல்லாத்துக்கும் ஒரு பெயர் இருக்கும்மா!"
கோபம் என் மேலா, என் ரத்தத்தின் மேலா,
அத்தனை தூரத்திலிருந்து தெரியவில்லை.

எதிர்வீட்டு ஸ்தாசே
வாளி வாளியாகப் பீட்ரூட் கொண்டுவருகிறாள்.
சிவந்ததெல்லாம் ரத்தம் ஊறவைக்கும்
என்பது அவள் வைத்தியம்.
புளித்த மோரில் துருவிப் போட்டு
சதகுப்பை இலை தூவி
மூன்று வாரம் குடித்தேன்.
சிவந்தது கழிப்பறைத் தொட்டி மட்டும்.
எனக்காகப் பூசை எழுதிவைக்கப் போனவள்
பாதியில் திரும்பிவந்தாள்,
சீட்டில் என்ன நோய் என்று போடுவது?
கடவுளுக்குத் தெரியும் என்றேன்.
"அவருக்குத் தெரியும்,
பங்கு அலுவலகத்துக்குத் தெரியாதே."

பாடகர் குழுவை அக்டோபரில் விட்டேன், இருமல் காலம்.
காய்ச்சல் முப்பத்தெட்டைத் தொட்டால்
நேரே ஆஸ்பத்திரி என்று உத்தரவு.
வெப்பமானி கைப்பையில், வீட்டுச் சாவியோடு.
இரண்டாம் வரிசையில் என் இடத்தைக்
காலியாக விட்டே நிற்கிறார்களாம்.
வேண்டாம், நெருங்கி நில்லுங்கள்
என்று சொல்லியனுப்பினேன்.
நெருங்கி நின்றுவிட்டார்கள்.

எண்பத்தேழு நவம்பர்,
ராஸ்டாக் போகும் கப்பல்.
முப்பத்தேழு கட்டு குறைந்தது.
மூன்று தடவை எண்ணினேன்,
மூன்று தடவையும் கணக்கு உதைத்தது.
ரயில்காரன் ஏற்றினேன் என்கிறான்,
கிரேன்காரன் இறக்கினேன் என்கிறான்,
கட்டு எங்கும் இல்லை.
கப்டன் மூக்கைச் சிந்திவிட்டுத் தாளை வாங்கினான்.
குறைவு: முப்பத்தேழு. காரணம்: தெரியவில்லை.
கையெழுத்துப் போட்டான்.
நீர்க்கோடு சற்று மேலே தெரிய
கப்பல் போயிற்று,
போய்ச் சேர்ந்தது என்று தந்தியும் வந்தது.
இரண்டு இரவு தூங்காதவள் நான் மட்டும்.

ஏப்ரல் முடிவில் தட்டணு தொண்ணூற்றாறாயிரம்.
ஏன் ஏறியது?
ருகீலே உதட்டைப் பிதுக்கினாள்.
இறங்கியபோதும் இதே உதடுதான்.
ஸ்தாசேயிடம் சொல்லவில்லை,
சொன்னால் இன்னொரு வாளி வரும்.

வீட்டிலிருந்து படகுத்துறைக்கு மூன்று பெஞ்சுகள்.
முன்பெல்லாம் அவை இருந்ததே தெரியாது.
இன்று இரண்டாவதில் இருக்கிறேன்.
முழங்கைக்குக் கீழே ஒரு நீலம்,
எதில் இடித்தேனோ, பழுத்து மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது.
மணல்தீவிலிருந்து படகு வந்து ஒட்டுகிறது.
இறங்குகிறவர்களை எண்ணுகிறது விரல்,
தொடைமேல், தானாக.
நான்கு கோடு, குறுக்கே ஒன்று.
நான்கு கோடு.
ஒரு பையன் தொப்பியை மறந்து
மறுபடி படகுக்குள் ஓடுகிறான்.
இவனை நான்
எந்தக் கோட்டில் சேர்ப்பது?