குறுக்கே யாரோ

ரியேகாவில் பூரா என்பது காற்றின் பெயர்.
மலையிலிருந்து இறங்கிவிட்டால் ஊர் பூரா அதுதான்.
துறைமுகத்தில் அன்றைக்குக் கிரேன்கள் அசையா.
முப்பத்தொரு வருடத்தில் நெவெங்காவுக்கு
அந்த நாள்கள் மட்டுமே முழங்காலுக்கு ஓய்வு.

இன்றும் பூரா.
ஜன்னலில்லாத இந்த அறையில் அது கேட்பதில்லை.
இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்
பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம் அவள் முகமும் நானும்.
அந்தப் பக்கம் இடது முழங்கால்,
இனியும் அவளுடையதா என்று சொல்ல முடியாத கட்டத்தில்.

தூங்க மருந்து வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.
"நான் கண்ணை மூடி வேலை பார்த்ததில்லை."
இது உங்கள் வேலை இல்லையே என்றேன்.
"கால் என்னுடையதுதானே."

ஓர் ஏற்றத்துக்கு நூற்றெழுபத்தாறு இரும்புப் படிகள்.
சிறுநீருக்கு இறங்கினால் மறுபடியும் அத்தனை.
அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்த கோடைகள்.
குருத்தெலும்பு எங்கே போனதென்று
ஸ்கேன் படத்தைக் கேட்க ஒன்றுமில்லை.
படிகளில் இருக்கிறது.

டாக்டர் யூரிஷிச் ஊசிமுனையால் எலும்பைத் தொடுகிறார்.
ஒரு புள்ளி. இன்னொன்று. நாற்பது.
தொடத் தொடத் திரையிலிருக்கும் நீல எலும்பு
ஆமாம், அது நான்தான் என்று ஒப்புக்கொள்கிறது.
ஆறு டிகிரி வளைவு.
எதுவரை அரியலாம் என்று பச்சையில் ஒரு கோடு.
பிறகு எந்திரக் கையை உருட்டி வருகிறார்கள்,
தலையோடு கால் உறை மாட்டி,
பந்தியில் இடம் காட்டக் காத்திருக்கும் சம்பந்தி மாதிரி.

தானாக அது எதையும் அறுக்காது.
ரம்பத்தைப் பிடித்திருப்பது டாக்டரின் கை.
கோட்டைத் தாண்ட அவர் நினைத்தாலும்
தள்ளாது, கத்தாது,
விடாது. அவ்வளவுதான்.

சத்தம். தீய்ந்த எலும்பின் வாசம்,
பல் டாக்டரிடம் போனவர்களுக்குத் தெரியும்.
நெவெங்கா என் கையைப் பிடிக்கவில்லை.
அவள் வலது கட்டைவிரல் மட்டும்
அங்கே இல்லாத ஒரு நெம்புகோலை
மெல்ல முன்னே தள்ளிக்கொண்டிருந்தது.

நின்றது.

ரம்பம் வெட்டின் நடுவே நின்றது.
டாக்டர் அழுத்தினார், கை கல்லாயிருந்தது.
திரையில் சிவப்பாய் எழுத்துகள்.
எல்லோரும் படிக்கத் திரும்பினோம்.

"குறுக்கே யாரோ நிற்கிறார்கள்"
என்றாள், திரையைப் பார்க்க முடியாதவள்.
"பழுதென்றால் இழுத்து இழுத்து நிற்கும்.
இது கண் மறைந்து நிற்பது.
எவனோ கோட்டுக்குள் வந்துவிட்டான்.
பெரும்பாலும் புதியவன்."

பயிற்சி மருத்துவன் டொன்ச்சி
நன்றாகப் பார்க்க அரையடி முன்னே வந்திருந்தான்.
கேமராவுக்கும் எலும்பில் நட்ட வெள்ளிக் குண்டுகளுக்கும் நடுவில்
அவன் தோள்.
திரையும் அதையேதான் சொல்லியிருந்தது, ஐந்து வரியில்.
நகர்ந்தான். முகமூடிக்கு வெளியே இருந்த இரண்டு காதும் சிவந்தன.
யூரிஷிச் சிரித்தார். ரம்பம் தொடர்ந்தது.

நீட்டிய காலில் இடைவெளி பத்தொன்பது,
மடக்கிய காலில் பதினெட்டரை.
யாரோ நல்லது என்றார்கள்.

"கடைசி நான்கு வருடம்தான்
கண் வைத்த கிரேன் கொடுத்தார்கள்"
என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.
"அதுவரை நிறுத்துவது நான்.
ஆள் வந்தால் நிறுத்துவேன்.
எல்லா முறையும் நிறுத்தியிருக்கிறேன்."

விளக்கைப் பார்த்தாள்.

"ஒருமுறை தவிர."

கட்டைவிரல் அசைவதை விட்டிருந்தது.
என் திரையில் எழுபதிலிருந்த எண்
எண்பத்தெட்டு, தொண்ணூற்றாறு, நூற்றுநான்கு.
வலிக்கிறதா என்று கேளுங்கள், என்றார் டாக்டர்
துணிக்கு அந்தப் பக்கமிருந்து,
தலையைத் தூக்காமல்.

நான் கேட்கவில்லை.
வலி இல்லை, டாக்டர், என்றேன்.
மருந்தைக் கூட்டவும் இல்லை.